வயலிலும் குளத்திலும் உணவுச் சங்கிலி
(தாமிரபரணிப் பாசன மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்)

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலருகே கடலோடு கலக்கும் தாமிரபரணி, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தூரமே ஓடும் சிறிய நதி. ஆயினும் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளாலும் நீர் பெறுவதால், கோடைமேலழகியான் அணை முதல் ஸ்ரீவைகுண்டம் அணை வரையுள்ள 8 அணைக்கட்டுகளின் கீழ்க் காரும் பிசானமும் நெடுங்காலமாய் விளைந்து வருகின்றன. இவ்வயல்களில் நாம் விதைப்பது நெல் ஒன்றே. அந்நெல்லோடு கூடி வாழும் உயிர்களோ பல நூறு வகையின. அவற்றுள் சில பயிரைத் தின்பன. பல, பயிரைத் தின்பவற்றைத் தின்பன. எது எதைத் தின்கிறது என்பதை அறியாமல் கண்டவற்றையெல்லாம் கொல்லும் குடியானவர், சத்துருவோடு மித்திரனையும் சேர்த்துக் கொன்றுவிட்டு, மித்திரன் கூலியின்றிச் செய்து வந்த வேலையைப் பின்னர்ப் பணம் கொடுத்துச் செய்ய நேரிடுகிறது. ஆதலின், உயிர்கள் ஒன்றையொன்று உண்டு வாழும் முறை இன்னதென்பதையும், அம்முறை குலைந்தால் நமக்கு நேரும் நஷ்டத்தையும், நாம் செய்யத்தக்கவற்றையும் இவ்வியாசத்தில் சுருக்கமாய்க் கூறுவோம்.

1. உணவுச் சங்கிலி என்பது யாது?

சூரிய வெளிச்சத்தைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் சக்தி பச்சிலையுடைய தாவரங்களுக்கும் பாசிகளுக்கும் உண்டு. பிராணிகளுக்கு அச்சக்தி இல்லை. ஆகவே பிராணி ஒவ்வொன்றும் தாவரத்தையோ, தாவரத்தைத் தின்ற வேறொரு பிராணியையோ தின்றே ஜீவிக்க வேண்டும். நெற்பயிரின் சாற்றைத் தத்துப்பூச்சி உறிஞ்சுகிறது. தத்துப்பூச்சியைச் சிலந்தி பிடிக்கிறது. சிலந்தியைத் தவளை விழுங்குகிறது. தவளையைச் சாரைப்பாம்பு விழுங்குகிறது. சாரையைப் பருந்து தூக்கிச் செல்கிறது. இவ்வாறு கண்ணியோடு கண்ணி கோத்தாற்போல் அமைந்திருப்பதால் இதனை உணவுச் சங்கிலி என்பர். சார்லஸ் எல்ட்டன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1927-ம் வருஷத்தில் வெளியிட்ட பிராணிகளின் வாழ்க்கைச் சூழல் பற்றிய நூலில் இம்முறையைத் தெளிவாக விளக்கினார்.

உண்மையில் ஒரு பிராணி ஒரே உணவை நம்பியிருப்பது அருமை. தவளை, சிலந்தியை மட்டுமன்றி வண்டு, புழு, அந்துப்பூச்சி முதலியவற்றையும் தின்னும். சாரை, தவளையையும் எலியையும் தின்னும். ஆகவே பல சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னி வலை போல் அமைந்துள்ளன. வலையின் ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் சிறிது காலம் தாங்கும். பல இழைகள் அறுந்தால் வலை நில்லாது.

செத்த உயிர்களும் சருகும் சாணமும் இவ்வமைப்பிற்குப் புறம்பானவை அல்ல. மண்புழுவும், மண்ணிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் அவற்றை மக்கச் செய்து, பயிர் மீண்டும் எடுத்துக்கொள்ளத்தக்க சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. சங்கிலியின் கடைசிக் கண்ணி இவ்விதமாய் முதற் கண்ணியோடு சேர்கிறது.

2. கண்ணிக்குக் கண்ணி குறையும் பலம்

அணையிலிருந்து கால்வாயில் விட்ட நீர் முழுவதும் கடைமடைக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதை நம் குடியானவர்கள் நன்கு அறிவர். வழியில் கசிவும் ஆவியும் போக, எஞ்சியதே கடைமடைக்கு வரும். உணவுச் சங்கிலியிலும் அவ்வாறே நிகழ்கிறது. ஒரு பிராணி தின்ற உணவில் பெரும்பகுதி அதன் நடமாட்டத்திற்கும் உடற்சூட்டிற்கும் செலவாகிறது. ஒரு பகுதி கழிவாய்ப் போகிறது. எஞ்சிய சிறு பகுதியே உடலாய்ச் சேர்ந்து அடுத்த பிராணிக்கு உணவாகிறது. ரேமண்ட் லிண்டமன் என்னும் அமெரிக்கர் 1942-ம் வருஷத்தில் இதனை ஓர் ஏரியில் கணக்கிட்டு எழுதினார். ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குச் செல்வது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பது அதன்பின் வழங்கி வரும் பொதுக்கணக்கு. இடத்திற்கேற்ப இது கூடியும் குறைந்தும் இருக்கும்.

இக்கணக்கை நம் அளவையில் வைத்துப் பார்ப்போம். தாவர உணவு 1,000 கோட்டை இருந்தால் அதைத் தின்னும் பிராணிகளின் உடலாய் நிற்பது 100 கோட்டை; அவற்றைத் தின்பவற்றின் உடலாய் நிற்பது 10 கோட்டை; அவற்றையும் தின்பவற்றின் உடலாய் நிற்பது 1 கோட்டை. ஆகவேதான் வயலில் தத்துப்பூச்சி லட்சக்கணக்கிலும், தவளை நூற்றுக்கணக்கிலும், பாம்பு ஒன்றிரண்டாகவும் இருக்க, கூகையோ பருந்தோ பல வயல்களுக்கு ஒரு ஜோடியாக இருக்கிறது. மேற்கண்ணியிலுள்ள பிராணிகள் தொகையிற் குறைந்தவை. பெரும்பாலும் மெதுவாய் இனம் பெருக்குபவை. பூச்சி ஒரு மாதத்தில் மீண்டும் பெருகிவிடும். கொல்லப்பட்ட கூகையின் இடத்திற்கு வேறொரு கூகை வரப் பல பருவங்கள் ஆகலாம். இந்த வித்தியாசமே பின்வரும் விஷயங்கள் யாவற்றிற்கும் அடிப்படை.

3. புகையானும் அதன் சத்துருக்களும்

நெல்லின் தூரடியில் கூட்டமாய் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் பழுப்புநிறத் தத்துப்பூச்சியைப் புகையான் என்பர். இது மிகுந்த வயலில் பயிர் வட்டவட்டமாய்ப் புகைந்தாற்போல் காய்ந்து விழும். ஒரு பெண் பூச்சி 200 முட்டைகள் வரை, சிலவேளை அதற்கு மேலும் இடக்கூடும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 1 மாதம். 200 முட்டைகளும் பொரித்து, பாதி பெண்ணாகி, ஒன்றும் மடியாமல் இருக்குமாயின், ஒரு பூச்சியின் சந்ததி இரண்டாந் தலைமுறையில் 20,000 ஆகவும், மூன்றாந் தலைமுறையில் 20 லட்சமாகவும் ஆகும். அவ்வாறானால் எந்தப் பிசானமும் களத்திற்கு வாராது. பெரும்பாலான வருஷங்களில் அவ்விதம் நேராமலிருப்பதற்கு வயலில் வாழும் சத்துருக்களே முக்கியமான காரணம்.

ஓநாய்ச் சிலந்தி என்னும் வகை, வலை பின்னாமல் தூருக்குத் தூர் ஓடி இரை பிடிப்பது. இது நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னக்கூடியது. நீரின் மேல் ஓடும் சிறு நாவாய்ப் பூச்சி, தண்ணீரில் தவறி விழும் இளம் தத்துப்பூச்சிகளை நாளொன்றுக்கு 4 முதல் 7 வரை பிடிக்கும். பச்சை நிறமுள்ள மிரிட் நாவாய்ப் பூச்சி, இலையுறையினுள் மறைந்துள்ள முட்டைகளையே தேடி உறிஞ்சிவிடும். தட்டானும் ஊசித்தட்டானும் பறப்பவற்றைப் பிடிக்கும். மிகச் சிறிய குளவிகள் சில, பூச்சியின் முட்டைக்குள் தம் முட்டையை இட்டு அதனை அழிக்கும்.

20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 1,33,000 குத்துகள் இருக்கும். குத்துக்கு 1 சிலந்தி வீதம் இருந்து, ஒவ்வொன்றும் குறைந்த அளவாகிய 5 பூச்சிகளைப் பிடித்தால், நாளொன்றுக்கு 6 லட்சத்திற்கு மேற்பட்ட பூச்சிகள் மடியும். எல்லாச் சிலந்திகளும் எல்லா நாட்களிலும் அவ்வளவு பிடிக்கும் என்று சொல்வதற்கில்லை. பாதியே பிடித்தாலும் அவ்வேலைக்கு ஈடான வேலையாட்களை எந்த மிராசுதாரர் வைத்துக்கொள்ள முடியும்?

இத்தகைய வயலில் பலவகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தை அவசரப்பட்டுத் தெளித்தால் நிகழ்வதைப் பார்ப்போம். மருந்து இலைகளின் மேல் விழுகிறது. புகையானோ தூரடியில் மறைந்திருக்கிறது. அதன் முட்டைகள் இலையுறைக்குள் பத்திரமாய் உள்ளன. இங்குமங்கும் ஓடித் திரியும் சிலந்தியும் நாவாய்ப் பூச்சியும் மருந்தில் புரண்டு மடிகின்றன. சில நாட்களில் முட்டைகள் பொரிக்கின்றன. புறப்படும் குஞ்சுகளுக்கு அப்பொழுது சத்துரு ஒன்றும் இல்லை. எனவே முன்னிலும் அதிகமாய்ப் பெருகுகின்றன. குடியானவர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தெளிக்கிறார். செயற்கைப் பைரித்திராய்டு வகையைச் சேர்ந்த மருந்துகள் புகையானை இவ்விதம் மீண்டும் பெருகச் செய்வதாய் ஆராய்ச்சிகளில் கண்டுள்ளதால், நெல்லில் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

1973-74-ல் கேரளத்துக் குட்டநாட்டில் புகையான் பெருஞ்சேதம் விளைவித்தது. இந்தோனேசியாவில் 1970-க்குப் பின் மருந்துக்குச் சர்க்கார் மானியமளித்தும் புகையான் அடங்கவில்லை. பிலிப்பைன்ஸ் தீவிலுள்ள அகில உலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஆராய்ச்சிகளால், மருந்து சத்துருப் பூச்சிகளைக் கொல்வதே இப்பெருக்கத்திற்குப் பெருங்காரணம் என்பது புலனாயிற்று. 1986-ம் வருஷத்தில் இந்தோனேசியச் சர்க்கார் 57 வகை மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாது என உத்தரவிட்டு, மானியத்தையும் படிப்படியாய் நிறுத்தி, குடியானவர்களுக்கு வயலிலேயே பயிற்சியளித்தது. மருந்து குறைந்தும் அந்நாட்டின் நெல் விளைவு குறையவில்லை.

4. தொழுவுரமும் பசுந்தாளும் சிலந்தியை வளர்க்கும் விதம்

நட்ட புதிதில் வயலில் பயிர்ப்பூச்சிகள் சொற்பமாகவே இருக்கும். அக்காலத்தில் சிலந்தி முதலியவை எதைத் தின்று பிழைக்கின்றன? ஜாவாத் தீவில் செய்யப்பட்டு 1996-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகிறது. வயலில் மக்கும் தாள், சாணம், இலை ஆகியவற்றை நுண்ணுயிர்கள் உண்கின்றன. அந்நுண்ணுயிர்களையும் மக்கிய பொருளையும் பயிருக்குத் தீங்கு செய்யாத சிறு கொசு போன்ற பூச்சிகள் உண்கின்றன. அவற்றைத் தின்று சிலந்திகள் பெருகி, பயிர்ப்பூச்சி வருமுன்பே ஆயத்தமாய் நிற்கின்றன. மக்கும் பொருள் அதிகமான வயலில் இவ்வினங்களும் அதிகமாயின.

கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பை ஆகியவற்றை மடக்கி உழுவதும், ஆட்டுக்கிடை மறிப்பதும், தொழுவுரம் இடுவதும் நம் முன்னோர் கைக்கொண்ட வழக்கங்கள். பயிருக்குச் சத்து என்ற அளவில்தான் நாம் இவற்றை மதித்து வந்தோம். பயிரைக் காக்கும் உயிர்களுக்கும் இவையே முதல் உணவு என்பது இப்பொழுது விளங்குகிறது. நட்ட முதல் 40 நாட்களுக்குள் இலை சிறிது சுருண்டாலும் கிழிந்தாலும் பயிர் புதுத் தூர் விட்டு அதனை ஈடு செய்துகொள்ளும். ஆதலின் அக்காலத்தில் இலைச்சேதம் கண்டு மருந்தடிப்பது பெரும்பாலும் வீண் செலவு. அது இச்சங்கிலியை ஆரம்பத்திலேயே அறுப்பதுமாகும்.

5. எலி, சாரை, கூகை

எலியால் நஷ்டமடையாத குடியானவர் இல்லை. வயல் எலி சுமார் 3 வாரம் சினையாயிருந்து, ஓர் ஈற்றில் 6 முதல் 8 குட்டிகள் வரை போடும். கதிர்களைக் கத்தரித்து வளைக்குள் சேமித்து வைப்பதால், அது தின்பதைக் காட்டிலும் கெடுப்பது அதிகம். இதனை அடக்கி வைப்பவை சாரை, நல்லபாம்பு, கூகை, கீரி, நரி, காட்டுப்பூனை முதலியன.

சாரைப்பாம்பிற்கு விஷம் இல்லை. அது வளைக்குள்ளேயே நுழைந்து எலியையும் குட்டிகளையும் தின்னும். ஆயினும் சாரை நல்லபாம்போடு இணையும் என்ற எண்ணத்தால் பலர் அதனைக் கண்ட இடத்தில் அடித்துவிடுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. பின்னிப் பிணைந்து நிமிர்ந்து நிற்பனவாய் நாம் காண்பவை பெரும்பாலும் ஒன்றோடொன்று பலம் பார்க்கும் இரண்டு ஆண் சாரைகளே. நல்லபாம்பு, கண்ணாடி விரியன் போன்ற விஷப்பாம்புகளும் எலியைத் தேடியே வீட்டருகில் வருகின்றன. வைக்கோற்போரையும் நெற்குதிரையும் சுற்றி எலி குறைந்தால் அவை வருவதும் குறையும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருஷந்தோறும் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாக 2020-ல் வெளியான கணக்கு கூறுகிறது. ஆகவே இரவில் வரப்பில் செல்வோர் விளக்கும் காலில் செருப்பும் இன்றிச் செல்லலாகாது. கடிபட்டவரைத் தாமதமின்றி விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்; மந்திரிப்பதில் பொழுது போக்கலாகாது.

கூகையைச் சாக்குருவி என்றும் அபசகுனம் என்றும் சொல்லி விரட்டுவது இன்னொரு பிழை. பழைய மரப்பொந்துகளிலும் கோபுர மாடங்களிலும் தங்கும் இப்பறவை, இரவில் வயலின் மேல் ஓசையின்றிப் பறந்து, இருளிலும் செவியாலேயே எலியின் இடம் அறிந்து பிடிக்கும். செரியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாய் உமிழ்ந்துவிடும். கூகை தங்கும் இடத்தின் கீழ்க் கிடக்கும் இவ்வுருண்டை ஒன்றை எடுத்து நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்த்தால், அதிலுள்ள எலிமண்டைகளை எண்ணிவிடலாம். இதில் நம்பிக்கையில்லாதவர்கள் தாமே செய்து பார்க்கலாம். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டக்காரர்கள் இப்பறவைக்கென்று மரப்பெட்டிகள் வைத்து, எலியை அடக்க அதனைக் குடியேற்றி வருகின்றனர்.

எலிக்கு வைக்கும் விஷத்தில் எச்சரிக்கை தேவை. குருதியை உறையவொட்டாமற் செய்யும் வகையைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதனைப் பிடித்துத் தின்னும் கூகையும் பூனையும் அவ்விஷத்திற்கு இரையாகக்கூடும். துத்தநாக பாஸ்பைடு கலந்த தானியத்தைத் திறந்த வரப்பில் இறைத்தால் மயிலும் காடையும் கோழியும் தின்று மடியும். வரப்புகளை ஒடுக்கமாய்ச் செதுக்கி வைத்தல், அறுவடையானதும் வளை வெட்டுதல், தஞ்சாவூர்க் கிட்டி வைத்தல் ஆகியவற்றால் இவ்வபாயம் இல்லை. அண்டை வயல்காரர்கள் யாவரும் ஒரே காலத்தில் செய்தால்தான் பலன் உண்டு. ஒருவர் வயலில் விரட்டிய எலி அடுத்த வயலில் குடியேறும்.

6. குளத்துச் சங்கிலியும் கூந்தன்குளமும்

குளத்தில் முதற் கண்ணி பாசியும் நீர்ப்பூண்டும். அடுத்தது நுண்ணிய நீர்ப்பிராணிகளும் புழுக்களும். அதற்கடுத்தது கெண்டை, அயிரை முதலிய சிறு மீன்கள். பின்னர் விரால் போன்ற பெரு மீன்கள். அவற்றின் மேல் நீர்க்காகம், கொக்கு, நாரை, கூழைக்கடா.

நாங்குநேரித் தாலூகாவிலுள்ள கூந்தன்குளத்தில் இச்சங்கிலி முழுமையாய் விளங்குவதைக் காணலாம். மணிமுத்தாற்று அணை நீர் கால்வாய் வழியே இக்குளத்திற்கு வருகிறது. தை மாதத்தையொட்டிச் சங்குவளை நாரை, கூழைக்கடா, துடுப்புவாயன் முதலிய பறவைகள் கூட்டமாய் வந்து, குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமன்றி ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. வடதேசத்திலிருந்து வரித்தலை வாத்தும் வருகிறது. இவ்வூரார் பறவைகளின் வரவை நன்மையின் அறிகுறியாய்க் கருதி, தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்து, கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளையும் எடுத்துப் பேணி வந்துள்ளனர். கூந்தன்குளமும் காடன்குளமும் சேர்ந்து 1994-ம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாயின. ஈரநிலங்களைக் காக்க 1971-ல் ஏற்பட்ட ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இது சேர்ந்த செய்தி 2022-ல் அறிவிக்கப்பட்டது.

இவ்வன்பு வெறும் தயையால் மட்டும் உண்டானதன்று. பறவைகளின் எச்சம் விழுந்த நீர் வயலுக்குப் பாய்கிறது. அவ்வெச்சம் படிந்த வண்டல் உரமாய் வயலில் இடப்படுகிறது. மீனாய்ச் சென்ற சத்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த எச்சமாய்த் திரும்பி வருகிறது. செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் கிராமத்தாரும் இதனையறிந்தே, 18-ம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுட்ட சிப்பாய்கள் மீது முறையிட்டு, கலெக்டர் லயனல் பிளேஸிடம் தம் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கௌல் பெற்றனர்.

மீன்பாசி ஏலம் எடுத்தவர் பறவையைப் பகையாய் நினைப்பது உண்டு. பறவை மீனைத் தின்பது மெய்யே. ஆயினும் அதன் எச்சத்தால் பாசியும் நுண்ணுயிரும் செழித்து மீனுக்கு இரை பெருகுவதும் மெய். மேலும் பறவையால் நேரும் குறைவைவிட, ஏலக்கெடு முடிவதற்குள் மீன் பிடிக்க வேண்டிக் குளத்து நீரை வடிய விடுவதும், நஞ்சு கலந்து மீன் பிடிப்பதும், ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடுவதும் பெருங்கேடு. இக்கெளுத்தி அகப்பட்ட மீனையெல்லாம் தின்று நாட்டு மீன்களை ஒழிப்பது. இதனை வளர்ப்பதற்கு நம் நாட்டில் தடை உண்டு.

எக்குளத்தில் எத்தனை பறவை உண்டு என்பதை அறிய, மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் தன்னார்வலர்களைக் கூட்டி, 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகின்றனர். கிராமத்து வாலிபர்கள் இதில் சேர்ந்து தம் குளத்தைத் தாமே அறிந்துகொள்வது நன்று.

7. நஞ்சு கண்ணிக்குக் கண்ணி ஏறுதல்

உணவின் சக்தி மேற்செல்லச் செல்லக் குறையும் என்றோம். எளிதில் சிதையாத நஞ்சோ அதற்கு மாறாக மேற்செல்லச் செல்ல மிகுகிறது. தின்ற உணவு செலவாகிவிட, அதிலிருந்த நஞ்சு கொழுப்பில் தங்கிவிடுவதே இதன் காரணம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள கிளியர் ஏரியில் கொசு போன்ற பூச்சியை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய வருஷங்களில் டி.டி.டி. என்னும் மருந்தைக் கலந்தனர். நீரில் அதன் அளவு பத்து லட்சத்தில் 1 பங்கிற்கும் மிகக் குறைவு. நீரிலுள்ள நுண்ணுயிர்களில் அது பத்து லட்சத்தில் 5 பங்காயிற்று, மீன்களில் நூற்றுக்கணக்காயிற்று, மீனைத் தின்ற முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1,600 பங்காய்க் காணப்பட்டது. பறவைகள் கூட்டங்கூட்டமாய் மாண்டன. இதன் இனமாகிய டி.டி.டி., முட்டை ஓட்டை மெலியச் செய்து கூழைக்கடா, பருந்து இனங்களைக் குறைத்ததும் பின்னர்த் தெரியவந்தது. ஆகையால் அமெரிக்காவில் 1972-லும், நம் நாட்டு விவசாயத்தில் 1989-லும் டி.டி.டி. விலக்கப்பட்டது.

மேற்கண்ணியிலுள்ள பிராணிகளில் மனிதனும் ஒருவன் என்பதை மறக்கலாகாது. குளத்து மீனை நாமும் நம் மக்களும் உண்கிறோம்.

8. சங்கிலி அறுந்த இடங்கள்

சீன தேசத்தில் 1958-ம் வருஷத்தில் சிட்டுக்குருவி தானியம் தின்கிறதென்று அதனை ஒழிக்கக் கோடிக்கணக்கான ஜனங்களை ஏவினர். குருவிகள் மடிந்தன, குருவி தன் குஞ்சுகளுக்கு ஊட்டி வந்த புழுக்களும் பூச்சிகளும் பெருகின. 1960-ல் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது.

நம் தேசத்திலிருந்து தவளைக்கால்கள் ஆயிரக்கணக்கான டன் அளவில் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. வயல்களில் தவளை அருகிப் பூச்சி பெருகுவதாய் முறையீடுகள் எழவே, 1987-ம் வருஷத்தில் இந்தியச் சர்க்கார் அவ்வேற்றுமதியைத் தடுத்தது.

பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் 1990-க்குப் பின் சில வருஷங்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலி நீங்கப் போடும் டைக்ளோபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் உடல்வழியே கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம் என்று 2004-ல் வெளியாயிற்று. 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்தும், 2023-ல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவையும் தடுக்கப்பட்டன. கழுகு குறைந்த இடங்களில் செத்த மாடுகளைத் தின்று தெருநாய்கள் பெருகின, நாய்க்கடியும் மிகுந்தது. கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் என்ற மருந்து கிடைப்பதால், மாட்டு வைத்தியரிடம் அதனைக் கேட்டுப் பெறலாம்.

9. மலையும் வயலும்

சங்கிலி மலையிலிருந்தே தொடங்குகிறது. முண்டந்துறை (1962), களக்காடு (1976) ஆகிய சரணாலயங்கள் 1988-ல் ஒன்றாக்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயின. புலியும் சிறுத்தையும் செந்நாயும் மானையும் மிளாவையும் அளவில் வைக்கின்றன. மான் அளவுக்கு மிஞ்சினால் இளங்கன்றுகள் தலையெடுக்கா. மரமும் சருகும் அடர்ந்த மலைச்சரிவு மழைநீரை உறிஞ்சி மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. அவை குறைந்த சரிவில் மழை மண்ணோடு உருண்டு ஓடி அணையில் வண்டலாய்ப் படியும். மலையிலுள்ள புலியைக் கடைமடைக் குடியானவர் ஒரு நாளும் காண்பதில்லை. எனினும் அவர் வயலுக்கு வரும் நீரில் அதற்கும் சிறிது பங்குண்டு.

10. செய்யத்தக்கவை

நிலமுடையவர்கள்:

(1) வாரம் ஒரு முறை வயலில் இறங்கி, குறுக்காக நடந்து 20 குத்துகளின் தூரடியைப் பிரித்துப் பார்த்துப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிக் குறித்துக்கொள்ளவும்.

(2) சிலந்தி இல்லாத வயலில் தண்டுக்கு 1 புகையானும், குத்துக்கு 1 சிலந்தி உள்ள வயலில் தண்டுக்கு 2 புகையானும் ஏற்படும் வரை மருந்து தேவையில்லை. அதற்கு மேற்பட்டால் விவசாய உத்தியோகஸ்தரின் யோசனைப்படி தக்க மருந்தைத் தூரடியில் மட்டும் படுமாறு தெளிக்கவும்.

(3) எட்டடிக்கு ஒரு முறை ஓரடி இடைவெளி விட்டு நடவும். தழைச்சத்து உரத்தை ஒரே முறையில் கொட்டாமல் பிரித்து இடவும். புகையான் கண்டால் நீரை வடித்து வயலை இடையிடையே காயவிடவும்.

(4) பறவைகள் அமர்ந்து புழுப் பொறுக்கத் தென்னை மட்டைகளைப் பறவை தாங்கியாய் நடவும். கதிர் முற்றும் பருவத்தில் அவற்றை அகற்றிவிடவும்.

(5) பழைய பொந்து மரங்களை வெட்டாது விடவும். சாரையையும் கூகையையும் கொல்லாதிருக்கும்படி பண்ணையாட்களுக்குச் சொல்லி வைக்கவும்.

(6) மருந்துப் புட்டிகளை வாய்க்காலிலும் குளத்திலும் கழுவலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள்:

(1) மீன்பாசி ஏல நிபந்தனைகளில், குளத்தை முற்றும் வடிக்கலாகாது, நஞ்சிடலாகாது, அயல்நாட்டுக் கெளுத்தி விடலாகாது என்பவற்றைச் சேர்த்து, அவை நடைபெறுகின்றனவா என்று பார்க்கவும்.

(2) எலி ஒழிப்பை ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரே வாரத்தில் ஏற்பாடு செய்யவும்.

(3) குளத்து மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும் மாதங்களில் மரம் வெட்ட இடம் கொடுக்கலாகாது. வனவிலங்குகளைக் காக்க 1972-ம் வருஷத்துச் சட்டம் உள்ளதை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லவும்.

முடிவு

மருந்தே கூடாதென்று நாம் சொல்லவில்லை. பூச்சி மிஞ்சிய காலத்தில் மருந்து வேண்டியதே. எண்ணிப் பாராமல் தெளிப்பதுதான் கூடாது. வரும் பிசானத்தில் ஓர் ஏக்கரை மட்டும் மேற்சொன்னபடி எண்ணிப் பார்த்து நடத்தி, மருந்துச் செலவையும் கண்டுமுதலையும் மற்ற வயல்களோடு ஒப்பிட்டுக் கணக்கெழுதி வைக்குமாறு மிராசுதாரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அறுவடையானபின் அந்தக் கணக்கே அவர்களுக்கு வழி காட்டும்.